காலனிய எதிர்ப்பு ஆவணப்படங்களில் யார் பேசுகிறார்கள்? அடுத்த திரையிடலுக்கு முன் ஒரு விவாதம்

வடலி:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்கு அண்மையில் எமது வாசிப்பு வட்டம் நடத்திவரும் மாதாந்த ஆவணப்படத் திரையிடலில், சுவீடன் இயக்குநர் யோரான் ஊகோ ஓல்சனின் 'கன்சேர்னிங் வயலன்ஸ்' (2014) கடந்த முறை காட்டப்பட்டது. படம் முடிந்த பின் எழுந்த ஒரு கேள்விக்கு மண்டபத்தில் எவரும் நிறைவான பதில் சொல்லவில்லை. அடுத்த படங்களைத் தெரிவு செய்வதற்கு முன்னர் அதனை இங்கே பேசித் தெளிவது நல்லது என்று நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960கள் முதல் 1980கள் வரை சுவீடன் படப்பிடிப்பாளர்கள் ஆபிரிக்காவில் எடுத்த காட்சிகள் ஒன்பது அத்தியாயங்களாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபனான் 1961 இல் வெளியிட்ட தமது கடைசி நூலில் வன்முறை பற்றி எழுதிய பகுதிகளை அமெரிக்கப் பாடகி லோரின் ஹில் வாசிக்க, அதே வரிகள் பெரிய எழுத்துகளில் திரையை நிரப்புகின்றன. தொடக்கத்திலேயே அங்கோலாவில் போர்த்துக்கேயப் படையினர் ஹெலிகொப்டரில் பறந்தபடி மேய்ச்சல் மாடுகளைச் சுடுகிறார்கள். மண்டபத்தில் அதுவரை கேட்ட பேச்சொலி அந்த இடத்தில் நின்றுபோனது. பின்னர் குண்டுவீச்சில் ஒரு கையை இழந்த தாயொருத்தி, காலை இழந்த தன் குழந்தைக்குப் பால் கொடுக்கும் காட்சி வருகிறது. அவள் கமராவை நேரே பார்க்கிறாள், ஆனால் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இரண்டாம் வருட மாணவி ஒருவர் கேட்டது இதுதான்: "கமரா சுவீடன்காரருடையது, சொற்கள் ஃபனானுடையவை, குரல் அமெரிக்காவுடையது. அப்படியானால் அந்தத் தாய் எங்கே பேசுகிறாள்?" காலனிய எதிர்ப்பைப் பொருளாகக் கொண்டதால் மட்டும் ஒரு படம் காலனியச் சிந்தனையிலிருந்து விடுபட்டதாகிவிடுமா? உறவுகள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

பனங்கூடல்:

தம்பி வடலி, அந்தப் பிள்ளையின் கேள்வி மிகவும் சரியானது. அதைப் படமும் ஓரளவு அறிந்திருக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். முன்னுரை வழங்கும் இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் அந்தத் தாயைச் சுட்டி, விடுதலைப் போராட்டங்களின் கதைகளில் பெண்கள் எவ்வாறு விடுபட்டுப் போகிறார்கள் என்பதைப் பேசுகிறார். ஆனால் முன்னுரையில் ஒரு குறையை ஒப்புக்கொண்டுவிட்டால் படத்துக்குள் அது தீர்ந்துவிடுவதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. ஃபனான் 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் பணியாற்றியவர். சித்திரவதைக்கு உள்ளானவரையும் சித்திரவதை செய்த பொலிஸ்காரரையும் அவர் நோயாளிகளாகக் கண்டிருக்கிறார். அந்த அனுபவம் நூலின் பிற்பகுதியில் நோயாளர் குறிப்புகளாக விரிகிறது. நடுவிலே இன்னோர் அத்தியாயம், அந்நியர் வெளியேறிய பின் அவரது நாற்காலியில் ஏறி அமரும் உள்ளூர் மேல்தட்டைப் பற்றியது. சுதந்திரம் என்ற பெயரில் பழைய சுரண்டலைப் புதிய கைகள் எவ்வாறு பொறுப்பேற்கும் என்பதை, ஆபிரிக்க நாடுகள் பல அப்போதுதான் கொடியேற்றிக் கொண்டிருந்த வேளையில் அவர் எழுதிவிட்டார். ஓல்சன் முதல் அத்தியாயத்தையும் முடிவுரையையும் பெரிதும் சார்ந்திருப்பதால், ஃபனான் என்றால் வன்முறையை நியாயப்படுத்தியவர் என்ற எண்ணத்தோடு எமது மாணவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அந்நியரைத் திட்டி முடிக்கும் படம் எமது ஊரில் எளிதாகக் கைதட்டு வாங்கும். அந்த நடு அத்தியாயத்தை வாசித்தால் கைதட்டு குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தான்சானியாவில் தேவாலயம் கட்டும் சுவீடன் மிஷனரித் தம்பதியிடம் வைத்தியசாலையும் பாடசாலையும் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்கப்பட அவர்கள் தடுமாறும் காட்சியில் மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் எமக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு இலகுவாகக் கிடைத்துவிடக் கூடாது. அமெரிக்க மிஷன் 1816 இல் தெல்லிப்பழைக்கு வந்தது, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது, 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை ஏற்பட்டது. பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அதே அச்சையும் அதே பிரசங்க முறையையும் கைக்கொண்டுதான் மிஷனரிமாரை எதிர்த்தார். எதிர்ப்பும் ஏற்பும் ஒரே மனிதரிடத்தில் இணைந்து கிடந்த இந்தச் சிக்கலை ஒரு நேர்காணலில் கேலி செய்து கடந்துவிட முடியாது.

நெய்தற்கரை:

படத்தொகுப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் எங்கள் தீவைப் பற்றிய படமொன்றுக்கு வருகிறேன். பேசில் ரைட் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்து 1934 இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தைத் திரைப்படக் கல்லூரிகளில் இன்றும் காட்டுகிறார்கள். அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலை விற்பதற்காக எடுக்கத் தொடங்கிய படம் உலக ஆவணப்பட வரலாற்றின் அழகிய படங்களில் ஒன்றாக முடிந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் அதனை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

படத்தின் விவரணைக் குரல் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் உடையது. ஆனால் அவர் வாசிக்கும் சொற்கள் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. 1930களில் வாழும் மனிதரைத் திரையில் காட்டிவிட்டு, இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய ஆங்கிலேயரின் சொற்களால் அவரை விளக்கும்போது என்ன நடக்கிறது? திரையில் இருப்பவர் காலத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார். அவருக்குச் சம்பளம், கடன், வழக்கு, சங்கம் எதுவும் இல்லாததுபோலத் தோன்றுகிறது.

மூன்றாம் பகுதிதான் தொகுப்பாளரின் விருந்து. தென்னையில் ஏறுபவரும் கொழுந்து பறிப்பவரும் திரையில் தெரிய, ஒலித்தடத்தில் இலண்டன் சந்தை விலைகளும் கப்பல் அறிவித்தல்களும் வணிகக் கடித வாசகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. வணிகம் இந்த உடல்களின் மேல் எவ்வாறு ஏறி அமர்ந்திருக்கிறது என்பதை ஓர் ஏகாதிபத்திய விளம்பரப் படமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இயக்குநர் அறிந்து செய்தாரா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஆயினும் பேசுவது சந்தைதான், கொழுந்து பறிப்பவர் அல்லர். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லாவது பதிவாகியிருந்தால் படத்தின் கட்டுமானமே குலைந்திருக்கும்.

கந்தர்மடத்தான்:

இவ்வளவு தூரம் எதற்கு? ஆபிரிக்காவும் நொக்ஸும் இருக்கட்டும். 1981 யூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு சாம்பலாகிக் கிடந்தது. எரித்தவர் பிரித்தானியர் அல்லர். அதைப் பற்றிச் சோமீதரன் 2008 இல் 'எரியும் நினைவுகள்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அதைத் திரையிடுங்கள், அதிலிருந்து பேசத் தொடங்குவோம். காலனித்துவம் 1948 இல் முடிந்த கதை. முடியாத கதை எங்களுடையது. இந்தப் புதிய கோட்பாட்டுச் சொற்கள் எங்கள் வலியைப் பொதுப்படையாக்கிவிடும் என்று நான் அஞ்சுகிறேன்.

பனங்கூடல்:

தம்பி கந்தர்மடத்தான், 'எரியும் நினைவுகள்' திரையிடப்பட வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. 1948 இல் முடிந்துவிட்டது என்பதில்தான் உடன்பாடில்லை. பெரு நாட்டுச் சமூகவியலாளர் அனிபால் கிகானோ சொன்னது சுருக்கமாக இதுவே: குடியேற்ற ஆட்சி கப்பலேறிய பின்னும், அது உண்டாக்கிய மனித வகைப்பாடும் உழைப்புப் பங்கீடும் அறிவதிகாரமும் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும்.

எம் நாட்டில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகப் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த மக்களை, சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. வெள்ளைக்காரர் தொழிலாளியை ஓர் எண்ணாகப் பதிந்தார், சுதந்திர நாடு அந்த எண்ணையும் பதிவேட்டிலிருந்து வெட்டியது. அந்தச் சட்டமூலம் வந்தபோது தமிழ்த் தலைமைகளும் ஒருமித்து நிற்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஃபனானின் நடு அத்தியாயம் என்று நான் சொன்னது இதைத்தான்.

நூலக எரிப்பை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதால் அதன் வலி குறையாது. அறிவுச் சேகரத்தை அழிப்பதும் கைப்பற்றுவதும் ஆட்சியின் கருவிகளாக இருந்துவந்த நீண்ட வரலாற்றில் அதற்குரிய இடம் தெரியவரும். 1621 இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்ததிலிருந்தே அந்த வரலாற்றை எங்கள் ஊரில் எழுதத் தொடங்கலாம்.

செம்பருத்தி:

பதில் எழுதிய மூவரும் ஆண்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்கிறேன். ஸ்பிவாக் சொன்னதைப் பாராட்டிவிட்டு அனைவரும் வேறு பக்கம் போய்விட்டீர்கள்.

அந்தத் தாய் எங்கே பேசுகிறாள் என்று கேட்ட மாணவிக்கு நான் பரிந்துரைப்பது அல்ஜீரிய எழுத்தாளர் அஸியா ஜெபார் 1977 இல் எடுத்த 'செனுவா மலைப் பெண்களின் நூபா'. விடுதலைப் போரை அந்த மலைப்பகுதிப் பெண்கள் தாங்களே நினைவுகூர்கிறார்கள், கமரா பொறுமையாகக் காத்திருக்கிறது. யாரை ஒளித்துவைத்தோம், எந்தக் கதவைத் தட்டினார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதாகவே அவர்களின் பேச்சு நகர்கிறது. படத்தின் அமைப்பு நூபா என்ற அந்நாட்டு இசை மரபிலிருந்து எடுக்கப்பட்டது, மேற்கத்தைய ஆவணப்படத்தின் 'சிக்கலும் தீர்வும்' அதில் இல்லை. 1982 இல் ஜெபார் இன்னும் துணிந்து, வட ஆபிரிக்காவின் மக்ரெப் நாடுகளைப் பற்றிப் பிரெஞ்சுச் செய்திப்படக்காரர் எடுத்த பழைய காட்சிகளையே கையிலெடுத்து, அவற்றின் மேல் பாடல்களையும் பெண்குரல்களையும் ஏற்றி 'சேர்தா' என்ற படத்தைச் செய்தார். பிறர் எடுத்த காட்சியைத் தன்னுடையதாக்க முடியுமா என்ற கேள்விக்கு அது ஒரு செயல்முறைப் பதில். ஓல்சன் செய்ததும் ஏறத்தாழ அதே வேலைதான். ஆனால் ஜெபாரின் ஒலித்தடம் அந்தக் காட்சிகளில் நிற்பவர்களின் மொழிகளுக்கும் பாட்டுக்கும் உறவானது, ஓல்சனுடையது அப்படியல்ல.

இனி ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் காலனிய எதிர்ப்பு என்றவுடன் எல்லோரும் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸைச் சொல்வார்கள். உரியதே. 1924 இல் மாணவர் மாநாடாகத் தொடங்கி, 1927 இல் காந்தியை இங்கே அழைத்து, பூரண சுயராச்சியம் இல்லை என்பதற்காக 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த இயக்கம் அது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் நேர்மையை நான் மதிக்கிறேன். பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவருக்கும் சம ஆசனம் வேண்டும் என்று, அதற்கு எதிராகக் கட்டடங்களே கொளுத்தப்பட்ட காலத்தில், அவர்கள் உறுதியாக நின்றார்கள்.

ஆனால் 1931 தேர்தல்தான் இலங்கையில் சர்வசன வாக்குரிமையின் முதற் தேர்தல். பெண்களும், அதுவரை எந்த மன்றத்திலும் எண்ணப்படாத ஒடுக்கப்பட்ட சாதியினரும் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த தேர்தல். பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாகி, 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அப்படியே கிடந்தன. ஏகாதிபத்தியத்துக்கு எதிரான மிகத் தூய்மையான அந்தச் செயலால், இந்த ஊரின் மிகத் தாழ்த்தப்பட்ட மனிதருக்கு முதன்முதலாகக் கிடைத்த வாக்கு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. அவரிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டதா? இதை யாராவது ஆவணப்படமாக எடுத்தால் நான் முன்வரிசையில் இருந்து பார்ப்பேன். பகிஷ்கரிப்பை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. எதிர்ப்பு என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்கியிருந்தார்கள், எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்பதைக் காட்டாத படத்தை நான் அரைப்படம் என்பேன்.

அதற்கும் பின்னால் போனால் தோம்புகள் எனப்படும் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகள் இருக்கின்றன. சாயவேரும் யானையும் புகையிலையும் வணிகமான காலத்தில் யார் யாருக்கு அடிமை என்று எழுதிவைத்தவர் ஒல்லாந்தர், ஆனால் அடிமைகளை வைத்திருந்தவர்களில் எம்மவர்களும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்தபோது விவரம் சொல்லவும் சரிபார்க்கவும் அழைக்கப்பட்டவர்கள் உள்ளூர்த் தலைவர்களான முதலிமார், அடிமைகள் அல்லர். இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அந்நிய அரசு என்பது எமது பெருமிதக் கதைகளில் இடம்பிடிக்காத விடயம்.

கந்தர்மடத்தான்:

செம்பருத்தி அக்கா, நீங்கள் சொன்ன நான்கு தொகுதிகளின் கதையில் வாக்காளர் பக்கத்தை நான் இதுவரை யோசித்ததில்லை. ஆனால் கவனமாக இருங்கள். 'அந்நியன்தான் அடிமையை விடுவித்தான்' என்ற வரியை நாளைக்கு வேறொருவர் எடுத்து ஏகாதிபத்தியத்துக்குச் சாமரம் வீசுவார்.

செம்பருத்தி:

வீசட்டும். அடிமையை எழுத்தில் பதிந்து, வரி விதித்து, விலைபேசும் பண்டமாக ஆவணப்படுத்தியதும் அந்நிய நிர்வாகம்தான் என்ற அடுத்த வரியைக் காட்டுவோம். இரண்டு வரிகளையும் ஒரே படத்தில் வைக்கத் துணிவில்லாவிட்டால் நாம் திரையிடலை விட்டுவிட்டுக் கவியரங்கம் நடத்தலாம்.

நெய்தற்கரை:

எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு இலத்தீன் அமெரிக்கர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள்.

ஆர்ஜென்ரீனாவின் பெர்னாண்டோ சொலானாஸும் ஒக்ராவியோ கெத்தினோவும் 1968 இல் முடித்த 'உலைகளின் நேரம்' மூன்று பகுதிகளாக நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம். இராணுவ ஆட்சியின் கீழ் வீடுகளிலும் தொழிற்சங்க அறைகளிலும் இரகசியமாகக் காட்டப்பட்டது. பார்க்க வந்ததே ஆபத்து என்பதால் வந்தவர் எவரும் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. படத்தை இடையில் நிறுத்தி அங்கிருப்பவர்கள் விவாதிப்பதற்கென்றே இடங்கள் விடப்பட்டன. 1969 இல் அவர்கள் வெளியிட்ட 'மூன்றாம் சினிமாவை நோக்கி' என்ற அறிக்கையும் இந்த அனுபவத்திலிருந்து எழுந்ததே. முதற் பகுதியின் முடிவில் இறந்த சே குவேராவின் முகம் நிமிடக்கணக்கில் அசையாமல் திரையில் நிற்கும். இக்காலத் தொகுப்பாளர் எவரும் அவ்வளவு நேரம் விடமாட்டார். ஆயினும் அந்தப் படத்தின் விவரணைக் குரல் கட்டளையிடும் குரல். பார்வையாளரை விடுவிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எதை நினைக்க வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

பொலிவியாவின் ஹோர்ஹே சன்ஹினேஸ் வேறு வழியில் போனார். 1967 யூன் 24 அதிகாலையில் சிக்லோ வெய்ன்ரே சுரங்கக் குடியிருப்பில் இராணுவம் தொழிலாளரைச் சுட்டுக்கொன்றது. அவர் 1971 இல் எடுத்த 'மக்களின் துணிவு' படத்தில் உயிர் தப்பியவர்களே தமது அனுபவத்தை அதே இடத்தில் நடித்துக் காட்டினார்கள். என் பார்வையில் மாணவியின் கேள்விக்கு மிக அருகில் வரும் படம் இது. ஒரு சாட்சியைக் கதிரையில் இருத்தி அழவைக்கும் நேர்காணல் முறைக்குப் பழகிப்போன எம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

கூத்துப்பிரியன்:

நிறுத்தி விவாதிப்பது எமக்குப் புதிதல்ல. கோயில்களில் புராணபடனம் நடக்கும் முறையைப் பாருங்கள்: ஒருவர் கந்தபுராணத்தில் ஒரு பாட்டை வாசித்து நிறுத்துகிறார், இன்னொருவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்கிறார், பிறகு அடுத்த பாட்டு. 'கன்சேர்னிங் வயலன்ஸ்' படத்தில் ஃபனானின் வரிகள் திரையில் நிற்கும்போது நாமும் ஒலியைக் குறைத்து, ஒருவர் தமிழில் வாசிக்க, இன்னொருவர் அந்த இடத்துக்கு யாழ்ப்பாண வரலாற்றிலிருந்து பயன் சொல்லலாமே. ஆங்கில உபதலைப்புகளை எட்டி எட்டிப் படித்துக் களைத்துப்போன பின்வரிசைக்காரருக்கு இது பெரிய உதவியாக இருக்கும்.

செம்பருத்தி:

யோசனை அழகானது. ஆனால் பயன் சொல்பவரை இடைமறித்து எவராவது கேள்வி கேட்டதை நீங்கள் கண்டதுண்டா? அந்த மண்டபத்துக்குள் யார் இருந்து கேட்கலாம், யார் வெளிவீதியில் நிற்க வேண்டும் என்பதற்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் பயன் கேட்கத்தான் வந்தார்களா? தமிழில் நேரே வாசிப்பதை ஏற்கிறேன். 'பயன் சொல்லும்' கதிரையை ஒருவருக்கு நிரந்தரமாகக் கொடுப்பதை ஏற்கமாட்டேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் பார்ப்பவர்களே சொல்லட்டும். நிறுத்தச் சொன்னவரே முதலில் பேசட்டும்.

கூத்துப்பிரியன்:

ஏற்கிறேன், அக்கா. மாவிட்டபுரத்தை மறந்துவிட்டுப் புராணபடனத்தைப் பற்றிப் பேச முடியாதுதான். வாசிப்பவரையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவோம்.

பனங்கூடல்:

காட்சிகள் யாருடைய அலுமாரியில் இருக்கின்றன என்ற விடயத்தை இன்னும் எவரும் தொடவில்லை. ஹெயிட்டியில் பிறந்து கொங்கோவில் வளர்ந்த ராவூல் பெக், கொங்கோவின் முதற் பிரதமர் லுமும்பாவைப் பற்றி 1990 இல் எடுத்த ஆவணப்படத்திலேயே, தாம் வளர்ந்த நாட்டின் செய்திக் காட்சிகளை ஐரோப்பிய நிறுவனங்களிடம் விலைகொடுத்து வாங்க வேண்டியிருப்பதைக் குறிப்பிடுகிறார். கொலையான ஒருவரின் காட்சிக்கு நிமிடக் கணக்கில் விலை வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமாக நான் போற்றுவது மேற்கு ஆபிரிக்காவின் கினி பிசாவு. விவசாயப் பொறியியலாளராகப் பயின்று விடுதலை இயக்கத்தின் தலைவரான அமில்கார் கப்ரால், போர் நடந்துகொண்டிருந்த 1967 இல், சனா நா ஹாடா, புளோரா கோமெஸ் உட்பட நான்கு இளையோரைத் திரைப்படம் கற்பதற்குக் கியூபாவுக்கு அனுப்பினார். துப்பாக்கிக்கே தட்டுப்பாடான காலத்தில் எடுத்த முடிவு அது. அவர் 1973 யனவரி 20 இல் கொனாக்ரியில் கொல்லப்பட்டார், சுதந்திரத்தைக் காணவில்லை. அந்த இளையோர் எடுத்த சுருள்களில் பல பின்னாளைய உள்நாட்டுப் போரில் அழிய, மிஞ்சியவை பெர்லினில் இலக்கமுறையாக்கப்பட்டன. பிலிபா செசாரின் 'ஸ்பெல் ரீல்' (2017) அந்தக் காட்சிகள் நடமாடும் திரையில் மீண்டும் அந்நாட்டு மக்களிடம் போவதைப் பதிவு செய்கிறது. படம் பிடிக்கப்பட்ட மக்களே அதைப் பார்த்து, இவர் இன்னார் என்று பெயர் சொல்லும் வாய்ப்பு வேறெந்த ஆவணக்காப்பகத்திலும் கிடைப்பதில்லை.

பொருள்களுக்கும் இதுவே கதை. 1892 இல் பிரெஞ்சுப் படை தஹோமே இராச்சியத்திலிருந்து அள்ளிப்போனவற்றில் 26 பொருள்கள் 2021 நவம்பரில் பெனின் நாட்டுக்குத் திரும்பியதை மட்டி டியோப் 'தஹோமே' என்ற படமாக்கி 2024 இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றார். விருதைவிட எனக்குப் பிடித்தது, நடுவிலே பல்கலைக்கழக மாணவர்கள் நீண்ட நேரம் சண்டையிடும் பகுதி. ஆயிரக்கணக்கானவற்றில் 26 தருவது அவமதிப்பு என்கிறார் ஒருவர், தொடக்கமாகக் கொள்வோம் என்கிறார் இன்னொருவர். இயக்குநர் தீர்ப்புச் சொல்லாமல் கமராவை அங்கேயே வைத்திருக்கிறார்.

எம்மிடம் என்ன இருக்கிறது? நூலகம் நிறுவனம் 2005 முதல் அச்சு நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவருவது பெரும் பணி. அசையும் படங்களுக்கு அவ்வளவு கதி இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தபோது எத்தனை வீடுகளின் கசற்றுகளும் ஒளிப்படங்களும் அலுமாரிகளிலேயே விடப்பட்டன என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். தப்பிய கசற்றுகளில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. கலியாண வீடியோவில் தற்செயலாகப் பதிவான ஒரு தெருமூலை நாளைய ஆவணப்படக்காரனுக்குப் பொக்கிஷம்.

நெய்தற்கரை:

ஐயா சொன்ன கசற்று விடயத்தில் நான் உதவ முடியும். என்னிடம் வேலை செய்யும் நிலையில் வீஎச்எஸ் பிளேயர் ஒன்று இருக்கிறது. பூஞ்சை பிடித்ததை அப்படியே போட வேண்டாம், பிளேயரின் தலையும் பழுதாகும், நாடாவும் கிழியும். முதலில் திறந்து துடைக்க வேண்டும். கொண்டுவருபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வடலி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவையும் வாசித்த பின் நான் முன்வைக்கும் வரிசை இது.

முதல் மாலையில் மூன்று குறும்படங்களை ஒன்றாகக் காட்டுவோம். ஒன்று 'சோங் ஒஃப் சிலோன்'. இரண்டாவது ரெனே வோத்தியே எடுத்த 'ஆபிரிக் 50'. பிரெஞ்சு மாணவருக்கு ஆபிரிக்காவில் கல்விப் பணியைக் காட்டுவதற்காக அனுப்பப்பட்ட இருபத்தொரு வயது இளைஞர், வரி கட்டாததற்காகத் தாக்கப்பட்ட கிராமத்தைக் கண்டு, அதையே 17 நிமிடப் படமாக்கினார். சுருள்களில் பெரும்பகுதி பறிமுதலானது, அவர் சிறை சென்றார், படம் பிரான்சில் நாற்பது ஆண்டுகள் தடைப்பட்டது. மூன்றாவது கிறிஸ் மார்க்கரும் அலன் ரெனேயும் 1953 இல் முடித்த 'சிலைகளும் இறக்கின்றன'. ஆபிரிக்கக் கலைப்பொருள்கள் ஐரோப்பிய அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போனதும் என்ன ஆகிறது என்று கேட்டதற்காகப் பத்தாண்டுக்கும் மேல் முழுமையாகக் காட்ட அனுமதிக்கப்படாத படம். மூன்றிலும் பேசுவது கமராவுக்குப் பின்னால் இருக்கும் குரல்தான். ஒன்று விற்பதற்காகப் பேசுகிறது, மற்றவை எதிர்ப்பதற்காகப் பேசுகின்றன. எதிர்க்கும் குரலும் அம்மக்களுக்குப் பதிலாகப் பேசும் குரலாகவே இருப்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

இரண்டாம் மாலை 'மக்களின் துணிவு'. மூன்றாம் மாலை 'எரியும் நினைவுகள்', அன்று 1931 பற்றிச் செம்பருத்தி அக்கா பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜெபாரின் படத்துக்கு நல்ல பிரதி கிடைத்தால் நான்காவதாக வைப்போம். தமிழில் வாசிப்பதற்கு மூன்று பேர் தேவை. நிறுத்தச் சொல்ல விரும்புபவர் கை உயர்த்தினால் போதும்.

கந்தர்மடத்தான்:

நூலகப் படத்தை மூன்றாவதாகத் தள்ளியதை நான் இன்னும் ஏற்கவில்லை, இருந்தாலும் வருகிறேன். ஒரு நிபந்தனை. 'சோங் ஒஃப் சிலோன்' முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் எங்களில் ஒருவர் அல்லர். மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை இப்போதே அழைத்து, படத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டுங்கள். கடைசி நேரத்தில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பது நெய்தற்கரை சொன்ன அந்தக் கதிரை நேர்காணலாகத்தான் முடியும். பேச விருப்பமில்லை என்று அவர்கள் சொன்னால் வற்புறுத்தவும் கூடாது.

வடலி:

ஒப்புக்கொள்கிறேன், அண்ணை. நாளையே இருவருடன் கதைக்கிறேன். அவர்களுக்கு வசதியான நாள் தெரிந்த பிறகுதான் மண்டபத்தைப் பதிவு செய்வேன். ஆகவே திகதியை இப்போது அறிவிக்கவில்லை.